ஷவருக்கு வடிகட்டி வாங்கப் போகிறீர்களா?

"தலைமுடி கொட்டுகிறதா? உப்புத் தண்ணியில் குளிப்பதுதான் காரணம். ஷவரில் ஒரு பில்டர் பூட்டுங்கள், சரியாகிவிடும்." கல்யாண வீடுகளிலும் பாடசாலை வாசலிலும் இந்தப் பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. கைத்தொலைபேசியில் வரும் விளம்பரங்களும் இதையே சொல்கின்றன. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த காசை அதற்குக் கொடுக்குமுன், சகோதரிகளே, இரண்டு கேள்விகளுக்கு விடை தேடிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அது எவ்வளவு வேகமாக வருகிறது?

உப்புத் தண்ணீர் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பெரும்பாலானது வன்னீர்தான். கல்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும் நீர் அது. ஒரு லீற்றரில் இவை 60 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் மென்மையான நீர் என்றும், 180 மில்லிகிராமைத் தாண்டினால் மிகவும் வன்மையான நீர் என்றும் கணக்கிடுவார்கள். புத்தளம், மன்னார், யாழ்ப்பாணப் பக்கங்களில் நிலத்தின் கீழ் சுண்ணக்கல் இருப்பதால் அங்குள்ள பல கிணறுகளில் இப்படிப்பட்ட நீரே ஊறுகிறது. கேத்தலின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் படிவதும், சவர்க்காரம் நுரைக்க மறுப்பதும் இதனால்தான்.

ஷவரில் பூட்டும் வடிகட்டிக்குள் இருப்பது கரித்தூள், செம்பும் நாகமும் கலந்த மணிகள், சிலவற்றில் வைட்டமின் சி. இவை குளோரினைக் குறைக்கும், மணலையும் துருவையும் ஓரளவு பிடிக்கும். கரைந்துபோன கல்சியத்தைப் பிடிக்கமாட்டா. தேத்தண்ணி வடியில் தேயிலைத் தூள் நிற்கும், கரைந்த சீனி நிற்குமா? அமெரிக்காவில் ஷவர் வடிகட்டிகளுக்கென்று வகுத்துள்ள 'என்.எஸ்.எப். 177' என்ற தரமும் குளோரின் குறைகிறதா என்பதை மட்டுமே சோதிக்கிறது. வன்னீரை மென்னீராக்க விசேட பிசின் மணிகள் நிறைந்த, கேஸ் சிலிண்டர் அளவான கருவி வேண்டும். அதற்கும் இடைக்கிடை உப்பு போட்டுக் கழுவ வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் டப்பாவில் நடக்கிற காரியமல்ல அது.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். புத்தளத்துக் கிணற்றில் நீங்களாகப் போட்டாலன்றிக் குளோரின் கிடையாது. ஆகவே அங்கே வடிகட்டிக்கு வேலையே இல்லை. கொழும்பில் அம்பத்தளையில் களனி கங்கையிலிருந்தும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வரும் குழாய் நீரில் குளோரின் உண்டு. ஆனால் அது மேற்பரப்பு நீர், பெரிதாக வன்மையில்லை. வன்மை உள்ள ஊரில் வடிகட்டி உதவாது, உதவக்கூடிய ஊரில் வன்மை இல்லை!

தோல் வியாதி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எக்ஸிமா என்ற தோல் அழற்சியுள்ள 336 சிறுவர்களை வைத்து இங்கிலாந்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். பாதிப் பேரின் வீடுகளில் நீரை மென்மையாக்கும் பெரிய கருவியையே பொருத்தினார்கள். 12 வாரம் கழித்துப் பார்த்தால், வழமையான சிகிச்சை மட்டும் பெற்ற பிள்ளைகளைவிட இவர்களுக்கு விசேடமாகக் குணம் கிடைத்திருக்கவில்லை. 2011இல் அந்த முடிவு வெளியானது. முடி விடயத்திலும் அவசரம் வேண்டாம். பிள்ளை பெற்று மூன்று நான்கு மாதத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டும் முடி, பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் தானாகவே திரும்ப வளரும். இரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைந்தாலும், தைரொயிட் கோளாறு இருந்தாலும் முடி உதிரும். மகளின் முடிக்காக வடிகட்டி வாங்கி, அவளுடைய இரத்தச் சோகையைப் பாராமல் விட்டால் நஷ்டம் காசு மட்டுமல்ல.

இனி வேகத்துக்கு வருவோம். மாடியில் உள்ள தாங்கியிலிருந்து வரும் தண்ணீருக்கு உந்துதல் தருவது உயரம் ஒன்றே. தாங்கியின் நீர்மட்டம் ஷவரைவிட 10 மீற்றர் உயர்ந்திருந்தால் சுமார் ஒரு 'பார்' அழுத்தம் கிடைக்கும். ஒரு தட்டு வீட்டில் அந்த வித்தியாசம் பெரும்பாலும் இரண்டு மீற்றர்தான், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. 500 லீற்றர் தாங்கியை எடுத்துவிட்டு 1000 லீற்றர் தாங்கி வைத்தால் தண்ணீர் வேகமாக வரும் என்று நினைப்பவர்கள் பலர். தண்ணீர் கூட நேரம் வரும், வேகமாக வராது. தாங்கியை ஒரு மீற்றர் உயர்த்தினால் வித்தியாசம் தெரியும். இவ்வளவு மெல்லிய உந்துதலுக்கு நடுவே வடிகட்டியையும் வைத்தால், மழைபோலக் கொட்ட வேண்டியது சொட்டும். உடனடி ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்கு அது ஓன் ஆகாமலே போகலாம்.

ஆகவே முதலில் அளந்து பாருங்கள். பத்து லீற்றர் வாளியை ஷவரின் கீழ் வைத்து, நிரம்ப எத்தனை நிமிடம் செல்கிறதென்று குறித்துக்கொள்ளுங்கள். குசினிக் குழாயில் நன்றாக வந்து ஷவரில் மட்டும் மெதுவானால் பழுது ஷவரில்தான். அதைக் கழற்றி, வினாகிரியில் ஓர் இரவு ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் துளைகளைத் தேய்த்தால் பாதி வீடுகளில் பிரச்சினை அத்தோடு முடிந்துவிடும். எல்லாக் குழாய்களிலும் மெதுவென்றால் பாதி மூடிய வால்வு, தாங்கியின் அடியில் தேங்கிய சேறு, அரை அங்குலக் குழாயில் அதிக வளைவுகள் என்று தேட வேண்டும். அதற்குப் பைப் பாஸைக் கூப்பிடுங்கள். தெருக் குழாயிலேயே மோட்டாரைப் பூட்டி உறிஞ்சும் யோசனைக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். அயல் வீட்டாரின் தண்ணீர் குறைந்துபோகும். அதோடு, குழாயில் எங்காவது வெடிப்பிருந்தால் வெளி அழுக்கும் உள்ளே இழுபட்டு உங்கள் வீட்டுக்கே வரும். மோட்டார் வேண்டுமானால் தாங்கிக்குப் பிறகு பூட்டலாம்.

எல்லோருக்கும் வேகம் தேவைதானா என்பது வேறு விடயம். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில் வுழூச் செய்து, நான்கைந்து முத்து நீரில் குளித்ததாக ஹதீஸில் வருகிறது. இன்றைய அளவில் அது மூன்று நான்கு லீற்றர். நிமிடத்துக்குப் பத்து லீற்றர் கொட்டும் ஷவரில் அரை நிமிடம்கூட அதற்குச் செல்லாது.

மணலும் துருவும்தான் உங்கள் தொல்லையென்றால், தாங்கிக்குத் தண்ணீர் ஏறும் குழாயில் ஒரு சல்லடை வடிகட்டி போதும். ஷவர் மட்டுமல்ல, முழு வீடும் பயனடையும். குளோரின் வாடை பொறுக்காமல் ஷவர் வடிகட்டியே வாங்குவதென்றால் உள்ளே வைக்கும் துண்டின் விலையையும் கேட்டுக்கொள்ளுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டிவரும். ஊருக்குப் போய் வந்தால் முதல் தண்ணீரைச் சற்று நேரம் ஓடவிடுங்கள், ஈரத்தில் கிடந்த கரியில் கிருமி வளரும். பூட்டிய அன்றே வாளியை வைத்து நேரம் குறித்து, மாதம் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். வாளி நிரம்ப முன்னரைவிட இரட்டிப்பு நேரம் எடுக்கிறதென்றால் உள்ளே அடைத்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.