அண்டை அயலாரின் பொதுநெறி

பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு அண்டைவீடு என்பது பெரும்பாலும் வேற்று மொழியார் வீடு. மாடிப்படியில் எதிர்ப்படுகின்றவர் மராத்தியராக இருக்கலாம். குஜராத்தியராகவோ வங்காளியராகவோ இருக்கலாம். அவர் உணவு வேறு, பண்டிகை வேறு, பேச்சு வேறு. எனினும் தண்ணீர்க் குழாய் ஒன்று, மாடிப்படி ஒன்று, சாக்கடையும் ஒன்று. இவ்வாறு பலவற்றில் வேறுபட்டுச் சிலவற்றில் ஒன்றுபட்டு வாழும் மக்களுக்குப் பொதுநெறி என ஒன்று இருக்க முடியுமா? இருக்குமாயின், அதனை வகுப்பது எங்ஙனம்? அதன்படி வாழ்வது எங்ஙனம்? இவற்றையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண், வழக்கம் வேறு, நெறி வேறு என்பதைத் தெளிதல் வேண்டும். வாசலில் கோலமிடுவது நம் வழக்கம். எதிர்வீட்டாருக்கு அவ்வழக்கம் இல்லாமை ஒரு குறையன்று. வாசலையும் படியையும் தூய்மையாக வைத்திருத்தல் நெறி; அது இருவர்க்கும் பொது. வழக்கம் நாம் யார் என்பதைக் காட்டும். நெறி நாம் பிறரோடு எவ்வாறு நடந்துகொள்கின்றோம் என்பதைக் காட்டும். திருவள்ளுவர் ‘ஒப்புரவறிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்ததும், ஊரோடு ஒத்து உதவி வாழும் இந்நெறியைக் கருதியே.

இவ்வேறுபாட்டை மறந்தால், ஒத்த வழக்கமுடையாரே ஒன்றாகக் குடியிருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் தலைதூக்கும். அகமதாபாத்தில் பார்ஸி சமூகத்தாரின் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று, தம் சமூகத்தார் அல்லாதார் உறுப்பினராகலாகாது என்று துணைவிதி வகுத்திருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அத்துணைவிதி செல்லும் என்று 2005-இல் தீர்ப்பாயிற்று. சட்டம் இடங்கொடுக்கின்றது என்பது உண்மையே. ஆயினும், வேற்றூரில் வாடகைக்கு வீடு தேடிச் சென்று, மொழி யாது, உணவு யாது என்ற கேள்விகளுக்கு விடையிறுத்தபின் கதவு அடைபட்ட அனுபவம் நம்மில் பலர்க்கு உண்டு. அக்கதவின் புறத்தே நின்ற நாமே, குடியேறி வசதி பெற்றபின், “நம்மவர்க்கு மட்டும்” என்று பிறர்க்குக் கதவை அடைக்கலாமா? இவ்வினாவை ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்ளுதல் நலம்.

கதவை அடைப்பதால் வாராத அமைதி, கூடி அமர்ந்து பேசுவதால் வரும். இதற்கு மும்பைக்கு அருகிலுள்ள பிவண்டி நகரமே சான்று. அது விசைத்தறிகள் நிறைந்த ஊர். உத்தரப் பிரதேசத்திலிருந்தும் தெலுங்கு நாட்டிலிருந்தும் பிழைப்பு நாடி வந்தோர் அங்கே மிகுதி. 1970-இலும் 1984-இலும் அவ்வூரில் கொடிய வகுப்புக் கலவரங்கள் மூண்டன. 1988-இல் அங்குப் பொறுப்பேற்ற சுரேஷ் கோப்டே என்னும் காவல்துறை அதிகாரி, பேட்டைதோறும் இரு சமயத்தாரும் அடங்கிய குழுக்களை அமைத்தார். ‘மொகல்லா கமிட்டி’ என்பது அவற்றின் பெயர். அக்குழுக்கள் பெரிய தத்துவங்களைப் பேசிக்கொண்டிருக்கவில்லை. அண்டை வீட்டார்க்கிடையே எழும் சிறு பூசல்களைத் தீர்த்தன. வதந்தி எழுந்தால் உண்மையை விசாரித்தன. இதனால், முன்பு முகம் பாராதவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் நிலை உண்டாயிற்று.

சோதனை 1992-ஆம் ஆண்டு டிசம்பரில் வந்தது. அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டதையடுத்து, அம்மாதத்திலும் 1993 ஜனவரியிலும் மும்பையில் நிகழ்ந்த கலவரங்களில் ஏறத்தாழ 900 பேர் உயிரிழந்தனர். மிக அருகிலிருந்த பிவண்டியோ அமைதி காத்தது. காவலரின் விழிப்பும் அதற்குத் துணை செய்தது. எனினும் நான்காண்டுகளாகப் பழகிவந்த பழக்கமே பேருதவியாயிற்று. தீப்பற்றியபின் கிணறு வெட்டுதல் இயலாது. அமைதிக் காலத்தில் வளர்த்த நம்பிக்கையே அபாயக் காலத்தில் கைகொடுக்கும். கலவரத்துக்குப்பின் மும்பையும் இம்முறையை மேற்கொண்டது. தமிழர் பெருந்தொகையினராய் வாழும் தாராவியிலும் இத்தகைய குழுக்கள் தோன்றின.

இதனின்றும் நாம் கொள்ளத்தக்கவை சில உள. பொதுநெறிகள் எண்ணிக்கையில் சிலவாக இருத்தல் வேண்டும். எவரும் நினைவிற் கொள்ளத்தக்கனவாகவும், அனைவர்க்கும் விளங்கும் மொழியிலும் இருத்தல் வேண்டும். அவற்றை வகுக்கும் கூட்டத்தில் வீட்டுச் சொந்தக்காரரே அன்றி, வாடகைக்கு இருப்போரும் பெண்டிரும் காவற்காரரும் துப்புரவு செய்வோரும் இடம்பெறுதல் வேண்டும். யாருடைய உழைப்பால் வாசல் தூய்மையாகின்றதோ, அவரைக் கேளாமல் தூய்மைக்கு விதி வகுப்பது முறையாகாது. நெறி பிறழ்ந்தவர் நம் மொழியினராயின், நாமே முதலில் அவரிடம் சென்று எடுத்துரைத்தல் வேண்டும். பிவண்டியைப் போன்றே, சிறு பூசலைச் சிறிதாக இருக்கும்போதே பேசித் தீர்த்தலும் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு குறித்த சில நாட்களில் மட்டுமே நள்ளிரவு வரை விலக்குண்டு. அயலார் விழாவில் ஒலிபெருக்கி அலறினால் இவ்விதி உடனே நம் நினைவிற்கு வருகின்றது. நம் பஜனை நீளும்போதும் அது நினைவிற்கு வருமாயின், நெறி நம்மிடம் வேரூன்றிவிட்டது எனலாம். விழாவுக்கு நன்கொடை கேட்பதிலும் அவ்வாறே: பிறர் நம்மை வற்புறுத்தலாகாது என்று கருதும் நாம், பிறரை வற்புறுத்தாதிருத்தல் வேண்டும்.

மொழி, சமயம், வட்டாரம் ஆகிய வேற்றுமைகளைக் கடந்து இணக்கமும் உடன்பிறப்புணர்வும் வளர்ப்பது குடிமகனின் கடமை என, 1976-இல் சேர்க்கப்பட்ட 51-ஏ என்னும் உறுப்பு நம் அரசியலமைப்பிற் கூறுகின்றது. அக்கடமை தில்லியில் எழுதப்பட்டது. ஆனால் நிறைவேறுவது நம் மாடிப்படியில். அயலார் மொழியில் நலம் விசாரிக்க நாலு சொல் கற்போம். நோயுற்ற வீட்டின் கதவைத் தட்டுவோம். புதிதாக வந்தவரைத் தண்ணீர் வரும் நேரம் சொல்லி வரவேற்போம். ஒரு நாள் நாமும் அவ்வாறு வந்தவர்களே அல்லவா?