கார்டில் தங்கிவிடும் மீதி

பிரீபெய்டு கார்டும் வங்கி டெபிட் கார்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். இரண்டுக்கும் ஒரே அளவு, ஒரே மாதிரி சிப், ஒரே மாதிரி எண் வரிசை. கடையில் இருக்கும் இயந்திரம்கூட இரண்டையும் ஒரே விதமாகத்தான் வாங்கிக்கொள்கிறது. பணம் எங்கே இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. டெபிட் கார்டு ஒரு வங்கிக் கணக்கின் சாவி. பணம் கணக்கில் இருக்கும். கார்டு தொலைந்தாலும் கணக்கு தொலையாது. பிரீபெய்டு கார்டுக்குப் பின்னால் அப்படியொரு சேமிப்புக் கணக்கு கிடையாது. முன்கூட்டியே ஏற்றி வைத்த தொகைதான் அதன் மொத்த உயிர். அந்தத் தொகை தீரும்வரை கார்டு வேலை செய்யும்.

சென்னையின் தரமணியில் இந்த இரண்டு வகையையும் அருகருகே பார்க்கலாம். டைடல் பார்க், ராமானுஜன் ஐ.டி. சிட்டி, இன்டர்நேஷனல் டெக் பார்க் வளாகங்களில் வேலை பார்ப்பவர்களிடம் சம்பளக் கணக்கின் டெபிட் கார்டு ஒன்று இருக்கும். கூடவே நிறுவனம் தந்த உணவு கார்டு, பண்டிகைக்கு வந்த கிஃப்ட் கார்டு, பயணத்துக்கான சிங்காரச் சென்னை கார்டு ஆகியவையும் சேர்ந்திருக்கும். அதே வளாகங்களில் காவல் பணியிலும் துப்புரவுப் பணியிலும் இருப்பவர்களுக்கு ரூபே டெபிட் கார்டு ஒன்றே போதுமானதாக இருக்கிறது. யார் எந்தக் கார்டுக்கு எவ்வளவு கட்டுகிறார் என்பது பெரும்பாலும் கணக்குப் பார்க்கப்படாமலே போகிறது.

டெபிட் கார்டின் கட்டணங்கள் கண்ணுக்குத் தெரிபவை. பாரத ஸ்டேட் வங்கி தன் சாதாரண ரக டெபிட் கார்டுகளின் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தை 2024 ஏப்ரல் 1 முதல் 125 ரூபாயிலிருந்து 200 ரூபாயாக உயர்த்தியது. 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்தால் 236 ரூபாய். மாதத்துக்கு 20 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. சேமிப்புக் கணக்குக்கு 2.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், சுமார் 9,500 ரூபாய் ஆண்டு முழுவதும் கணக்கில் கிடந்தாலே வட்டி இந்தக் கட்டணத்தை ஈடுகட்டிவிடும். பிரீபெய்டு கார்டில் இருக்கும் தொகைக்கு ரிசர்வ் வங்கியின் விதிப்படி வட்டி கிடையாது.

அடுத்த செலவு ஏடிஎம். சொந்த வங்கியின் ஏடிஎம்மில் மாதம் 5 முறை இலவசம். பிற வங்கிகளின் ஏடிஎம்களில் ஆறு பெருநகரங்களில் 3 முறையும் மற்ற ஊர்களில் 5 முறையும் இலவசம். சென்னை அந்த ஆறில் ஒன்று என்பதால் தரமணிக்காரருக்கு 3 முறைதான். மீதி எவ்வளவு என்று பார்ப்பதும் இந்த எண்ணிக்கையில் சேரும். அதற்கு மேல் ஒவ்வொரு முறை பணம் எடுக்கும்போதும் 2025 மே 1 முதல் வங்கிகள் 23 ரூபாய் வரை வசூலிக்கலாம். வரியோடு அது 27 ரூபாய் 14 காசு. நான்காவது முறையாக 500 ரூபாய் எடுப்பவர், தன் பணத்தைத் தானே எடுக்க 5 சதவீதத்துக்கு மேல் கொடுக்கிறார். மாதத்துக்கு இரண்டு தடவை இப்படி நடந்தால், ஆண்டு முடிவில் கார்டுக் கட்டணத்தைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் போய்விடும். டெபிட் கார்டு வைத்திருப்பவர் கவனிக்கவேண்டியது ஆண்டுக் கட்டணத்தைவிட இந்தச் சில்லறைப் பிடித்தங்களைத்தான்.

மினிமம் பேலன்ஸ் அபராதம் ஒரு காலத்தில் பெரிய தொல்லையாக இருந்தது. பாரத ஸ்டேட் வங்கி 2020-இல் அதைக் கைவிட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கி 2025 ஜூலையில் எல்லாச் சேமிப்புக் கணக்குகளுக்கும் அதை நீக்கியது. தனியார் வங்கிகளில் அபராதம் தொடர்கிறது. ஐ.டி. ஊழியர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். வேலை மாறும்போது புதிய நிறுவனம் வேறொரு வங்கியில் சம்பளக் கணக்கு திறக்கும். பழைய கணக்கில் சில மாதங்கள் சம்பளம் விழாவிட்டால் வங்கி அதைச் சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாற்றிவிடும். அதன்பின் மினிமம் பேலன்ஸும் கார்டுக் கட்டணமும் ஓடத் தொடங்கும். அபராதம் பிடித்துக் கணக்கை மைனஸுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2015 முதல் தடுத்திருக்கிறது. இருக்கும் பணம் கரைவதற்குத் தடை இல்லை. பழைய நிறுவனத்திலிருந்து கடைசிச் சம்பளம் வந்து சேர்ந்ததும் கணக்கை மூடிவிடுவதுதான் கெட்டிக்காரத்தனம்.

எந்தக் கட்டணமும் வேண்டாம் என்பவருக்கு அடிப்படைச் சேமிப்புக் கணக்கு எல்லா வங்கியிலும் உண்டு. அதில் மினிமம் பேலன்ஸ் கிடையாது, ஏடிஎம் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் கிடையாது, மாதம் குறைந்தது 4 முறை இலவசமாகப் பணம் எடுக்கலாம். 2014 ஆகஸ்டில் தொடங்கிய ஜன் தன் கணக்குகள் இந்த வகையைச் சேர்ந்தவை. அவற்றோடு வரும் ரூபே கார்டில் 2 லட்சம் ரூபாய் வரை விபத்துக் காப்பீடும் இருக்கிறது. ஆனால் விபத்துக்கு முந்தைய 90 நாளுக்குள் கார்டை ஒரு முறையாவது பயன்படுத்தியிருக்க வேண்டும். இந்த நிபந்தனையைக் கணக்கு திறந்து தருபவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். சொல்லாததால் கார்டை பீரோவில் பூட்டி வைக்கும் குடும்பம் காப்பீட்டை இழக்கிறது.

இந்தக் கணக்குகள் பரவியதால்தான் இந்தியாவில் பிரீபெய்டு கார்டு ஏழைகளின் வங்கியாக மாறவில்லை. அமெரிக்காவில் கதை வேறு. அங்கே வங்கிக் கணக்கு இல்லாதவர்கள் கடைகளில் விற்கும் பிரீபெய்டு கார்டை வாங்கி அதில் சம்பளத்தைப் போட்டுக்கொள்கிறார்கள். மாதக் கட்டணம், பணம் ஏற்றக் கட்டணம், மீதி பார்க்கக் கட்டணம் என்று கார்டு நிறுவனங்கள் அடுக்கிக்கொண்டே போகும். 2015 அக்டோபரில் ரஷ்கார்டு என்ற கார்டின் கணினி அமைப்பு பழுதாகி, ஆயிரக்கணக்கானோர் தங்கள் சொந்தப் பணத்தைப் பல நாள் தொட முடியாமல் தவித்தார்கள். கட்டணங்களை ஒரே பட்டியலில், வாங்கும் முன்பே காட்டவேண்டும் என்ற விதி அங்கே 2019 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது.

இந்தியாவில் பிரீபெய்டு கார்டுகள் 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் கீழ் வருகின்றன. இப்போதைய விதித் தொகுப்பின் அடிப்படை 2021 ஆகஸ்டில் வந்தது. அடையாளச் சான்று (கேஒய்சி) முழுமையாகச் சரிபார்க்கப்பட்ட கார்டில் 2 லட்சம் ரூபாய் வரை வைக்கலாம். குறைந்த விவரத்தோடு வாங்கும் கார்டின் வரம்பு 10,000 ரூபாய். அதிலிருந்து ரொக்கம் எடுக்கவோ இன்னொருவருக்கு அனுப்பவோ முடியாது. வங்கியல்லாத நிறுவனம் தரும் முழு கேஒய்சி கார்டில்கூட ரொக்கம் ஒரு முறைக்கு 2,000 ரூபாய்தான், அதுவும் மாதம் 10,000-க்குள். டெபிட் கார்டு வைத்திருப்பவர் அவசரத்துக்கு ஏடிஎம்மில் 20,000 எடுக்கிறார் என்றால், அத்தகைய பிரீபெய்டு கார்டுக்காரருக்கு அந்த வழி இல்லை.

உணவு கார்டைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். முன்பு அது காகிதக் கூப்பனாக இருந்தது. 2017 இறுதியோடு காகித வடிவத்தை ரிசர்வ் வங்கி நிறுத்தச் சொன்னதால் கார்டாக மாறியது. சோடெக்ஸோ என்று ஊழியர்கள் இன்றும் சொல்லும் கார்டின் பெயர் இப்போது ப்ளக்ஸி. நிறுவனங்கள் இதைத் தருவதற்குக் காரணம் வரி. 1962-ஆம் ஆண்டின் வருமான வரி விதிகள் ஒரு வேளை உணவுக்கு 50 ரூபாய் வரை வரிவிலக்கு அளித்தன. நாளுக்கு இரண்டு வேளை, மாதம் 22 நாள் என்றால் 2,200 ரூபாய், ஆண்டுக்கு 26,400. பழைய வரிமுறையில் 30 சதவீத அடுக்கில் இருந்தவருக்கு செஸ்ஸும் சேர்த்து ஏறத்தாழ 8,200 ரூபாய் மிச்சமானது. புதிய வரிமுறையைத் தேர்ந்தவருக்கு அந்த விதிகளின்படி இந்தச் சலுகை இருக்கவில்லை. அப்படிப்பட்டவர் உணவு கார்டை ஏற்றுக்கொள்வதில் லாபம் ஏதும் இருக்கவில்லை. தாராளமாகச் செலவழிக்கக்கூடிய சம்பளத்தின் ஒரு பகுதியை, உணவுக்கு மட்டுமே செல்லும் பணமாக அவர் மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

அந்தப் பணமும் எல்லா இடத்திலும் செல்லாது. உணவு கார்டை ஏற்கும் கடைக்காரர், வெளியிடும் நிறுவனத்துக்கு ஒப்பந்தப்படி கமிஷன் தரவேண்டியிருக்கும். வளாகத்துக்குள் இருக்கும் உணவகமும் பெரிய சூப்பர் மார்க்கெட்டும் அதைத் தாங்கும். சாலையோர மெஸ்ஸிலும் டீக்கடையிலும் தாங்காது. டெபிட் கார்டுக்கு நிலைமை வேறு. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு வணிகரிடம் 0.40 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது, மற்றவர்களிடம் 0.90 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று 2018 ஜனவரி முதல் உச்சவரம்பு இருக்கிறது. 2020 ஜனவரி முதல் ரூபே டெபிட் கார்டுக்கும் வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ மூலம் செலுத்துவதற்கும் கடைக்காரரிடம் கட்டணமே வாங்கக் கூடாது. பிரீபெய்டு வாலெட்டிலிருந்து யுபிஐ வழியாகக் கடையில் 2,000 ரூபாய்க்கு மேல் செலுத்தினால் 1.1 சதவீதம் வரை இடைக்கட்டணம் என்று 2023 ஏப்ரலில் வந்தபோது பரபரப்பு ஏற்பட்டது. அந்தக் கட்டணம் வாடிக்கையாளர் தலையில் விழவில்லை. ஆனாலும் எந்தக் கடை எந்தக் கார்டை ஏற்கும் என்பதை இத்தகைய கட்டணங்கள்தான் தீர்மானிக்கின்றன.

கிஃப்ட் கார்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உச்சவரம்பு 10,000 ரூபாய், மறுபடி பணம் ஏற்ற முடியாது, ரொக்கமாக்க முடியாது. கடைசியில் 37 ரூபாய், 52 ரூபாய் என்று மிஞ்சுவதைச் செலவழிக்க, அதைவிடப் பெரிய பில்லில் ஒரு பகுதியாகக் கழிக்கச் சொல்லவேண்டும். கேட்டால் பல கடைகளில் செய்து தருவார்கள்.

பயணக் கார்டு பிரீபெய்டு முறையின் நல்ல முகம். தேசியப் பொதுப் பயண கார்டு 2019 மார்ச்சில் தொடங்கப்பட்டது. அதன் சென்னை வடிவமான சிங்காரச் சென்னை கார்டைப் பாரத ஸ்டேட் வங்கியோடு சேர்ந்து சென்னை மெட்ரோ 2023 ஏப்ரல் 14 அன்று அறிமுகப்படுத்தியது. 2025 ஜனவரி முதல் மாநகரப் பேருந்துகளிலும் செல்கிறது. தரமணியில் மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணிகள் நடப்பதால் இப்போதைக்கு அங்கே அதன் பயன் பேருந்தில்தான். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமில்லை என்பதால் கார்டு அதிகம் உதவுவது டீலக்ஸ், ஏசி பேருந்துகளில் ஏறுபவர்களுக்கு. கன்டக்டரிடம் சில்லறைக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதே பெரிய நிம்மதி.

இந்தக் கார்டுக்குள் இரண்டு பைகள் உண்டு. ஒன்று வங்கியின் கணினியில் இருக்கும் தொகை. மற்றது சிப்பிலேயே பதிந்திருக்கும், 2,000 ரூபாய் வரம்புள்ள தொகை. பேருந்திலும் மெட்ரோ வாயிலிலும் தட்டும்போது கழிவது இரண்டாவது. வீட்டிலிருந்து செல்போனில் ரீசார்ஜ் செய்தால் பணம் முதல் பையில் விழும். மெட்ரோ கவுன்டரிலோ அதற்கான இயந்திரத்திலோ கார்டை வைத்தால்தான் சிப்புக்கு மாறும். "காசு போட்டேனே, ஏன் கழியவில்லை?" என்ற குழப்பத்துக்கு இதுவே காரணம். சிப்பில் இருப்பது சட்டைப் பையில் இருக்கும் நோட்டு மாதிரி. கார்டு தொலைந்தால் எடுத்தவர் தட்டிக்கொண்டு போகலாம், பின் எண் கேட்காது. கேஒய்சி இல்லாத பயணக் கார்டுகளுக்கு 2024 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி 3,000 ரூபாய் உச்சவரம்பு வைத்தது. காலாவதி கிடையாது, பணத்தைத் திரும்பப் பெறவும் முடியாது. பல வங்கிகளின் ரூபே டெபிட் கார்டுகளிலேயே இதே பயண வசதி இருக்கிறது. கார்டில் அதற்கான குறியைப் பார்த்துக்கொண்டால் தனிக் கார்டு தேவையில்லை.

பிரீபெய்டு கார்டின் உண்மையான விலை மீதியாகத் தங்கிவிடும் பணம். கட்டணப் பட்டியலில் அது இருக்காது. ஓராண்டு எந்தப் பரிவர்த்தனையும் இல்லையென்றால், முன்கூட்டித் தகவல் அனுப்பிவிட்டு நிறுவனம் கார்டைச் செயலிழக்கச் செய்துவிடும். காலாவதியாகி மூன்றாண்டு கழிந்தபின் மீதியைத் தன் லாப நட்டக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. அதற்குப் பிறகும் உரியவர் கேட்டால் வங்கிக் கணக்கில் திருப்பித் தரவேண்டும். ஆனால் 80 ரூபாய்க்காக யாரும் கேட்பதில்லை. வங்கிக் கணக்கு இரண்டாண்டு அசையாமல் இருந்தால்தான் செயலற்றதாகும். அத்தகைய கணக்குக்கு மினிமம் பேலன்ஸ் அபராதம் போடுவதை 2024 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி தடுத்துவிட்டது. பத்தாண்டு கழித்து அந்தப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும். வாரிசுகள்கூட உத்கம் இணையதளத்தில் தேடிக் கண்டுபிடித்துக் கேட்கலாம்.

பாதுகாப்பிலும் இதே இடைவெளி தெரிகிறது. வங்கி வைப்புக்கு 2020 பிப்ரவரி முதல் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. வங்கியல்லாத நிறுவனத்தின் வாலெட் தொகை வாடிக்கையாளரின் வைப்பு அல்ல. அது ஒரு வங்கியின் எஸ்க்ரோ எனும் தனிக் கணக்கில் மொத்தமாக வைக்கப்படுகிறது. வங்கி தரும் வாலெட்டுக்கும் தடை வரலாம். 2024 ஜனவரி 31 அன்று ரிசர்வ் வங்கி பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கிக்கு விதித்த கட்டுப்பாட்டால், மார்ச் 15-க்குப் பிறகு அதன் வாலெட், ஃபாஸ்டேக், பயணக் கார்டு எதிலும் புதிதாகப் பணம் ஏற்ற முடியாமல் போனது. இருந்ததைச் செலவழிக்க அனுமதி இருந்தது.

மோசடியில் பணம் போனால், வாடிக்கையாளரின் தவறோ வங்கியின் தவறோ இல்லாத நிலையில், மூன்று வேலைநாளுக்குள் தெரிவிப்பவருக்கு இழப்பு இல்லை என்ற விதி டெபிட் கார்டுக்கு 2017 ஜூலையில் வந்தது. வங்கியல்லாத நிறுவனங்களின் பிரீபெய்டு கார்டுகளுக்கு மூன்று நாள் என்ற இதே பாதுகாப்பு 2019-இல் வந்தது. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால் ஐந்து நாளுக்குள் திரும்ப வரவேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. நிறுவனம் 30 நாளுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் நிறைவாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். 2021 நவம்பர் முதல் வங்கிகளும் பிரீபெய்டு கார்டு நிறுவனங்களும் ஒரே குறைதீர்ப்புத் திட்டத்தின் கீழ் வருகின்றன. விளக்கம் வேண்டுவோர் 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.