வாலை வெட்டுமுன் எண்ணிப் பாருங்கள்

கோவைப் பம்ப்செட் தயாரிப்பாளரும் திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளரும் இன்று பில்லை அரசின் பதிவுத் தளத்துக்கு அனுப்பிய பிறகே லாரியை நகர்த்துகிறார்கள். 2020 அக்டோபர் 1 அன்று 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களோடு தொடங்கிய இ-இன்வாய்ஸ், 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்கள்வரை வந்துவிட்டது. பதிலாகக் கிடைக்கும் ஒப்பமிட்ட கியூஆர் கோடுக்குள் இருப்பது பேஸ்64 எழுத்துகள்.

படமானாலும் ஒப்பமானாலும் கணினிக்கு அவை பைட்டுகள்தாம். எழுத்தை மட்டுமே ஏற்கும் வழிகளில் அப்படியே அனுப்பினால் சிதைந்துவிடும். அதனால் பேஸ்64 முறையில் 3 பைட்டுகளின் 24 பிட்டுகளை ஆறாறாகப் பிரித்து 4 எழுத்துகளாக்குகிறார்கள். ஆங்கில எழுத்துகள் 52, இலக்கங்கள் 10, கூடவே + மற்றும் /: ஆக 64. கடைசிக் கூறில் பைட்டு குறைந்தால் = இட்டு நான்காக நிரப்புவார்கள்.

'கோவை' என்று எழுதிப் பாருங்கள். யூடிஎஃப்-8 முறையில் க, ோ, வ, ை நான்கும் தலா 3 பைட்டு, மொத்தம் 12. பேஸ்64-இல் 16 எழுத்து. அதில் ோ, ை இரண்டும் ஆளுக்கொரு + தருகின்றன.

இதோடு ஒரு புதுவரிக் குறி ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? குறியாக்கத்துக்கு முன்பே ஒட்டியிருந்தால் 13 பைட்டு, 20 எழுத்து; வாலில் == நிற்கும். அந்தப் புதுவரி தகவலின் பகுதி, தொடக்கூடாது. குறியாக்கம் முடிந்தபின் ஒட்டினால் 17 எழுத்து. நான்கால் வகுத்தால் மீதி 1. சரியான பேஸ்64-இல் இந்த மீதி வரவே வராது. இது வழியில் ஒட்டிய தூசி, துடைத்துவிடலாம்.

இடைவெளியில்தான் கவனம் தேவை. இணையப் படிவத்தில் + என்றால் இடைவெளி. 'கோவை'யின் இரண்டு + குறிகளும் இடைவெளியாகிவிட, நிரல் அவற்றை நீக்கினால் 14 எழுத்தே மிஞ்சும். க மட்டும் தப்பும், மற்றது குப்பை. வாலில் நிற்கும் இடைவெளிகூடத் தொலைந்த + ஆக இருக்கலாம். எனவே அனுப்புபவர் + குறியை %2B என மாற்றி அனுப்ப வேண்டும். அல்லது +, / குறிகளுக்குப் பதில் -, _ வரும் வலை வடிவத்தைப் பயன்படுத்த வேண்டும். ஒப்பமிட்ட கியூஆர் கோடு இந்த வடிவத்தில்தான் வருகிறது; அதில் = இருப்பதில்லை.

பெறுபவர் வாலில் உள்ள புதுவரியை மட்டும் நீக்கி, நீளத்தை நான்கால் வகுக்கட்டும். மீதி 2 அல்லது 3 என்றால் விடுபட்ட = குறிகளைச் சேர்க்கலாம். மீதி 1 என்றாலோ, அந்நிய எழுத்து தென்பட்டாலோ மறுத்துவிட வேண்டும். பேஸ்64-க்கென 2006-இல் வந்த ஆர்எஃப்சி 4648 நெறியும் அந்நிய எழுத்துகளை மறுக்கவே சொல்கிறது. ஆனால் பைத்தான், பிஎச்பி நிரல்மொழிகள் இரண்டும் நாம் கண்டிப்பு கேட்காதவரை அந்நிய எழுத்துகளைச் சத்தமில்லாமல் தள்ளிவிடுகின்றன. அந்தக் கண்டிப்பைக் கேட்டு வாங்குங்கள்: பிழை உடனே தெரிந்தால் பில்லைத் திரும்ப அனுப்பலாம், தெரியாமல் போனால் கெட்ட தகவலே கணக்கில் ஏறும்.