பேதக மறுப்பு (தமிழ்க் கிறித்தவம்)

பேதக மறுப்பு என்பது, கிறித்தவ சமயத்தின் அடிப்படை விசுவாசத்திற்கு மாறானவை எனக் கருதப்படும் கொள்கைகளை எடுத்துக்கூறி, அவற்றை மறுத்து, அவ்விசுவாசத்தை நிலைநாட்டும் முயற்சியைக் குறிக்கும். தமிழகத்தில் இம்முயற்சி 18 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கத்தோலிக்க இயேசு சபையினருக்கும் தரங்கம்பாடி லுத்தரன் மிஷனுக்கும் இடையே எழுந்த எழுத்து விவாதமாக உச்சம் பெற்றது. வீரமாமுனிவர் இயற்றிய வேத விளக்கம், பேதகம் மறுத்தல், லூத்தர் இனத்தியல்பு ஆகிய மூன்று உரைநடை நூல்களும் இவ்விவாதத்தில் பிறந்தவை. இரு தரப்பினரும் பண்டைய விசுவாச அறிக்கைகளை ஒரே போல ஏற்றுக்கொண்டவர்கள் என்பதும், அவற்றைச் சரியாகப் போதிப்பது எந்தத் திருச்சபை என்பதே அவர்களிடையே வழக்காக இருந்தது என்பதும் இவ்விவாதத்தைப் புரிந்துகொள்ள இன்றியமையாதவை.

சொற்பொருள்

பேதகம் என்னும் சொல் வேறுபாடு, பிரிவு எனப் பொருள்படும் "பேதம்" என்னும் வடசொல்லின் அடியாகப் பிறந்தது. பழைய தமிழ்க் கிறித்தவ நூல்களில் இது திருச்சபையைப் பிளக்கும் தவறான போதனையைச் சுட்டியது. அப்போதனையைப் பின்பற்றுவோர் "பதிதர்" எனப்பட்டனர். கத்தோலிக்கர் வழக்கில் "தப்பறை" என்னும் சொல்லும், சீர்திருத்தத் திருச்சபையினர் வழக்கில் "துர்உபதேசம்", "கள்ளப்போதனை" ஆகிய சொற்களும் காணப்படுகின்றன. "திரிபுக் கொள்கை" என்பது இக்கால வழக்கு.

கிறித்தவத்தை அறியாதோர் அல்லது ஏற்காதோர் எழுப்பும் கேள்விகளுக்கு விடையளிப்பது பேதக மறுப்பினின்றும் வேறானது. முன்னது வெளியாரை நோக்கியது. பின்னது, கிறித்தவர் என்று தம்மை அழைத்துக்கொள்பவரின் போதனையை நோக்கியது.

அடிப்படை விசுவாசம்

எவை அடிப்படையானவை என்பதைத் திருச்சபை பெரும்பாலும் விவாதங்களின் ஊடாகவே வரையறுத்தது. 2 ஆம் நூற்றாண்டில் லியோன் நகர ஆயர் இரனேயு, மறைஞானக் கொள்கையினரை மறுத்துப் பேதகங்களுக்கு எதிரான நூலை எழுதினார். 4 ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஆரியு என்னும் குரு, இறைமகன் படைக்கப்பட்டவரே என்று போதித்தார். இதனை ஆராய 325 ஆம் ஆண்டு கூடிய நிசேயா பொதுச்சங்கம், மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என அறிக்கையிட்டது. 381 ஆம் ஆண்டு கான்சுடாண்டிநோபிள் சங்கம் தூய ஆவியைப் பற்றிய பகுதியை விரிவாக்கியது. இயேசு கிறித்து உண்மையான கடவுளும் உண்மையான மனிதரும் ஆவார் என்பதை 451 ஆம் ஆண்டு கால்செதோன் சங்கம் வரையறுத்தது.

16 ஆம் நூற்றாண்டில் மேற்குத் திருச்சபை பிளவுபட்டபோதும் இவ்வடிப்படை மாறவில்லை. லுத்தரன் பிரிவினரின் ஆக்சுபர்க் அறிக்கை (1530) தனது முதற்பிரிவிலேயே நிசேயா முடிவை ஏற்று, ஆரியக் கொள்கையினரைக் கண்டிக்கிறது. கத்தோலிக்கரின் திரெந்து பொதுச்சங்கமும் (1545-1563) தன் கோட்பாட்டு முடிவுகளுக்கு முன்பாக நிசேயா விசுவாச அறிக்கையையே முன்வைத்தது. எனினும் மீட்பு, அருட்சாதனங்கள், திருச்சபையின் அதிகாரம் ஆகியவற்றில் இரு தரப்பும் ஒன்றையொன்று தவறிழைத்ததாகக் குற்றஞ்சாட்டின. தமிழகத்திற்கு வந்த இரு மிஷன்களும் இந்தக் குற்றச்சாட்டுகளையும் உடன் கொண்டுவந்தன.

தமிழில் தொடக்க முயற்சிகள்

கிறித்தவ விசுவாசம் தமிழில் முதன்முதலாக அச்சேறியது வினாவிடைச் சுவடிகளின் வழியாகவாகும். இயேசு சபையைச் சேர்ந்த அன்றீக்கு அடிகளாரின் "தம்பிரான் வணக்கம்" 1578 ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சிடப்பட்டது. அடுத்த ஆண்டு கொச்சியில் "கிரீசித்தியானி வணக்கம்" வெளிவந்தது. விசுவாசத்தை முதலில் தெளிவாகச் சொல்லிவைப்பதே பிழையான போதனையைத் தடுக்கும் முதல் வழி எனக் கருதப்பட்டமையால், இத்தகைய சுவடிகள் மறுப்பு நூல்களுக்கு முன்னோடிகள் எனலாம்.

1606 ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி (தத்துவ போதகர்) "ஞானோபதேசம்", "தூஷண திக்காரம்" முதலிய உரைநடை நூல்களை எழுதினார். இவற்றுள் தூஷண திக்காரம், கிறித்தவத்தின் மீது பிறர் சுமத்திய பழிகளுக்கு விடை கூறுவதாகும்.

விசுவாசமா, வழக்கமா?

நோபிலி துறவியின் உடை அணிந்து, பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவை சமயச் சார்பற்ற சமூக வழக்கங்களே என வாதிட்டு, கிறித்தவராவோர் அவற்றைக் கைவிட வேண்டியதில்லை என்றார். இதனை உடன் பணியாற்றிய குருக்கள் சிலரே எதிர்த்தனர். வழக்கு உரோமைக்குச் சென்றது. 1623 ஆம் ஆண்டு திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி நிபந்தனைகளுடன் அனுமதி வழங்கினார்.

இப்பிரச்சினை மீண்டும் எழுந்தபோது, திருத்தந்தையின் தூதராக வந்த தூர்னோன் 1704 ஆம் ஆண்டு புதுச்சேரியில் பல வழக்கங்களைத் தடைசெய்து ஆணையிட்டார். ஞானஸ்நானச் சடங்கில் உமிழ்நீரைப் பயன்படுத்துவது தமிழருக்கு அருவருப்பைத் தரும் என்பதால் அது விடப்பட்டிருந்தது. இனி விடக்கூடாது என்றது அவ்வாணை. ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த நோயாளிகளின் வீடுகளுக்கும் குருக்கள் செல்ல வேண்டும் என்றும் அது கூறியது. 1744 ஆம் ஆண்டு திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் வெளியிட்ட ஆணை இவ்வழக்கை முடித்துவைத்தது. மலபார் சடங்கு விவாதம் என அறியப்படும் இதில் யாரும் விசுவாச அறிக்கையை மறுக்கவில்லை. எங்கு விசுவாசம் முடிந்து வழக்கம் தொடங்குகிறது என்பதே கேள்வியாக இருந்தது.

தரங்கம்பாடி மிஷன்

டென்மார்க்கு அரசரால் அனுப்பப்பட்ட பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஐன்ரிச் புளூட்சோ ஆகிய செருமானிய லுத்தரன் போதகர்கள் 1706 ஆம் ஆண்டு சூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கினர். இலண்டனிலிருந்து அச்சு இயந்திரமும் ஆல் நகரிலிருந்து தமிழ் எழுத்துகளும் பெறப்பட்டு, 1713 ஆம் ஆண்டு அங்குத் தமிழ் அச்சுப்பணி தொடங்கியது. நான்கு நற்செய்திகளும் திருத்தூதர் பணிகளும் 1714 ஆம் ஆண்டிலும், புதிய ஏற்பாடு முழுவதும் 1715 ஆம் ஆண்டிலும் வெளிவந்தன.

விசுவாசத்திற்குத் திருமறை ஒன்றே அளவுகோல் என்பது லுத்தரன் கொள்கை. ஆகவே திருமறையைப் பொதுமக்கள் கையில் கொடுப்பதே அவர்களுடைய முதன்மையான மறுப்பு முறையாக இருந்தது. இதன் பயனுக்குத் தஞ்சை அரசரின் படையில் பணியாற்றிய இராசநாயக்கனை எடுத்துக்காட்டாகக் கூறுவர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த இவர், தரங்கம்பாடியில் அச்சிடப்பட்ட நற்செய்தி நூலைப் படித்து, 1720களின் பிற்பகுதியில் லுத்தரன் திருச்சபையில் சேர்ந்து, பின்னர் உபதேசியாராகப் பணிபுரிந்தார். ஒரு குடும்பத்தில் ஒருவர் திருச்சபை மாறினால் திருமணம், அடக்கம், உறவுமுறை ஆகிய அனைத்தும் கேள்விக்குள்ளாகும். எனவே இவ்விவாதம் அறிஞர்களோடு நின்றுவிடாமல் ஊர்களிலும் வீடுகளிலும் உணரப்பட்டது.

வீரமாமுனிவரின் நூல்கள்

இத்தாலியில் 1680 ஆம் ஆண்டு பிறந்த வீரமாமுனிவர் (கான்சுடன்சோ சோசப் பெசுகி) மதுரை மிஷனில் பணியாற்றியவர். தேம்பாவணி, தொன்னூல் விளக்கம், சதுரகராதி ஆகியவற்றின் ஆசிரியராகப் பெரிதும் அறியப்படும் இவர், 1727 ஆம் ஆண்டு "வேதியர் ஒழுக்கம்" என்னும் நூலை எழுதினார். குருக்கள் அரிதாகவே வரும் ஊர்களில் மக்களுக்குப் போதித்த வேதியர்களுக்கான வழிகாட்டி இது. அடுத்த ஆண்டு, லுத்தரன் போதனையை மறுத்துக் கத்தோலிக்க விசுவாசத்தை விளக்கும் "வேத விளக்கம்" தோன்றியது. அதில் தரங்கம்பாடி மொழிபெயர்ப்பின் தமிழ்நடையையும் அவர் கடுமையாகக் குறைகூறினார்.

இதற்கு எதிராக லுத்தரன் தரப்பிலிருந்து "திருச்சபை பேதகம்" என்னும் நூல் வெளிவந்தது. அதற்கு விடையாக வீரமாமுனிவர் எழுதியதே "பேதகம் மறுத்தல்" ஆகும். இரு தரப்பும் ஒரே சொல்லை ஒன்றன்மேல் ஒன்று சுமத்தியமையை இந்நூற்பெயர்கள் காட்டுகின்றன. "லூத்தர் இனத்தியல்பு" லுத்தரன் பிரிவினரின் இயல்பைச் சாடும் நூல். தரங்கம்பாடி நூல்கள் அச்சில் பரவ, வீரமாமுனிவரின் இம்மறுப்பு நூல்கள் அவர் காலத்தில் ஓலைச்சுவடிகளாகவே பரவின.

விவாதப் பொருள்கள்

இரு திருச்சபைகளுக்கும் இடையே இருந்த முதன்மையான வேறுபாடுகள் பின்வருமாறு:

- அளவுகோல்: திருமறை ஒன்றே போதும் என்றனர் லுத்தரன் பிரிவினர். திருமறையோடு வழிவழி வந்த மரபும், அவற்றை விளக்கும் திருச்சபையின் அதிகாரமும் தேவை என்றனர் கத்தோலிக்கர்.
- மீட்பு: மனிதர் விசுவாசத்தினால் மட்டுமே நீதிமான்களாக்கப்படுகின்றனர் என்பது லுத்தரன் போதனை. இறையருளால் தூண்டப்பட்டு, அன்பினால் செயலாற்றும் விசுவாசம் தேவை என்பது கத்தோலிக்கப் போதனை.
- அருட்சாதனங்கள்: கத்தோலிக்கருக்கு ஏழு. லுத்தரன் பிரிவினர் ஞானஸ்நானம், திருவிருந்து ஆகிய இரண்டையே முதன்மையாகக் கொண்டனர்.
- மரியாளும் புனிதர்களும்: புனிதர்களை நோக்கி மன்றாடுவது கிறித்துவின் நடுவர் நிலைக்கு மாறானது என்றனர் லுத்தரன் பிரிவினர். அது வணக்கமே அன்றி ஆராதனை அன்று என்பது கத்தோலிக்கரின் விடை.
- தலைமை: உரோமை ஆயரின் தலைமையைக் கத்தோலிக்கர் ஏற்றனர்; லுத்தரன் பிரிவினர் மறுத்தனர்.

திரித்துவம், கிறித்துவின் மனித அவதாரம், உயிர்த்தெழுதல் ஆகியவை இப்பட்டியலில் இடம்பெறவில்லை என்பது நோக்கத்தக்கது.

கோணான்குப்பமும் கள்ளக்குறிச்சிப் பகுதியும்

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 ஆம் ஆண்டு விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதன் மேற்கே கல்வராயன் மலையும் கிழக்கே உளுந்தூர்ப்பேட்டையும் அமைந்துள்ளன. உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து விருத்தாசலம் செல்லும் வழியில், அண்டையிலுள்ள கடலூர் மாவட்டத்தில் மங்கலம்பேட்டைக்கு அருகே கோணான்குப்பம் உள்ளது. வீரமாமுனிவருடன் தொடர்புடைய பெரிய நாயகி அன்னை திருத்தலம் இங்கு அமைந்துள்ளது. மரியாள் தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் சித்திரிக்கப்பட்டிருப்பது இத்தலத்தின் சிறப்பு. நூல்களில் வாதத்தால் நிலைநாட்டப்பட்ட மரியாள் வணக்கம் இங்குச் சிற்பத்தாலும் விழாவாலும் மக்களிடம் வேரூன்றியது.

இப்பகுதியில் லுத்தரன் பணி 19 ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. லைப்சிக் மிஷனைச் சேர்ந்த கார்ல் ஓக்சு, திருச்சபைக்குள் சாதி வேறுபாட்டைச் சமூக வழக்கமாகப் பொறுத்துக்கொள்வதை ஏற்க மறுத்து 1850களின் இறுதியில் அம்மிஷனை விட்டு விலகினார். பின்னர் கடலூருக்கு அருகிலுள்ள பட்டாம்பாக்கத்தில் அவர் தொடங்கிய பணி 1860களில் டேனிய மிஷன் சங்கத்துடன் இணைந்தது. அதன் வழிவந்ததே ஆற்காடு லுத்தரன் திருச்சபை. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்திலுள்ள திருக்கோவிலூரில் டேனிய மிஷன் மருத்துவமனையும் நிறுவப்பட்டது. நோபிலியின் காலத்தில் எழுந்த "விசுவாசமா, வழக்கமா?" என்னும் கேள்வியே இங்கு லுத்தரன் பிரிவினரிடையே மீண்டும் எழுந்தது. ஆனால் இம்முறை, வழக்கத்தைப் பொறுத்துக்கொள்வதே விசுவாசத்திற்கு மாறானது எனக் கருதியவர் வெளியேறினார்.

தமிழ் மொழியில் விளைவுகள்

சமய நுட்பங்களைப் பொதுமக்களுக்கு விளங்கும் உரைநடையில் வாதிட வேண்டிய தேவை, தமிழ் உரைநடை வளர்ச்சிக்குத் துணைபுரிந்தது. அக்காலத்தில் இலக்கிய ஆக்கங்கள் பெரும்பாலும் செய்யுளிலேயே அமைந்தன.

கலைச்சொற்களில் இரு தரப்பும் ஒன்றிடமிருந்து மற்றொன்று கடன் பெற்றன. கடவுளைக் குறிக்க அன்றீக்கு அடிகளார் "தம்பிரான்" என்னும் சொல்லையும், நோபிலி "சருவேசுரன்" என்பதையும் ஆண்டனர். சீகன்பால்கும் தம் மொழிபெயர்ப்பில் கத்தோலிக்கர் வழங்கிய சருவேசுரன் என்னும் சொல்லையே எடுத்துக்கொண்டார். பின்வந்த பப்ரிசியசு "பராபரன்" என்றும், 1871 ஆம் ஆண்டின் ஐக்கியத் திருப்புதல் "தேவன்" என்றும் மாற்றின.

வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்கு இலத்தீன் மொழியில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738 ஆம் ஆண்டு அச்சிட்டது அவரை எதிர்த்த தரங்கம்பாடி மிஷனின் அச்சகமே ஆகும். அடுத்த ஆண்டு அம்மிஷனைச் சேர்ந்த வால்தர் அதற்குத் துணையாக இலக்கணக் குறிப்புகளை எழுதி வெளியிட்டார். அவருடைய சமய நூல்களை மறுத்தவர்கள் அவருடைய தமிழைப் பாடமாகக் கொண்டனர்.

பிற்கால நிலை

1964 ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் வெளியிட்ட கிறித்தவ ஒன்றிப்பு பற்றிய ஆவணம், பிரிந்த திருச்சபையினரைச் சகோதரர் என்று குறிப்பிட்டது. கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையினரும் இணைந்து உருவாக்கிய திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 1995 ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் "கடவுள்" என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது. 1999 ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று செருமனியின் ஆக்சுபர்க் நகரில், மனிதர் நீதிமான்களாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கையொப்பமிட்டன. அவ்வறிக்கையில் விளக்கப்பட்டவாறு போதிப்போர் மீது 16 ஆம் நூற்றாண்டுக் கண்டனங்கள் சாரா என்று அதில் ஒப்புக்கொள்ளப்பட்டது. திருச்சபையின் தலைமை, குருத்துவம், நற்கருணையில் ஒன்றாகப் பங்குபெறுதல் ஆகியவற்றில் வேறுபாடுகள் தொடர்கின்றன.