அணிலும் பிழைக்கட்டும், தோட்டமும் தழைக்கட்டும்

விழிஞ்ஞம் ஒரு கடலோர ஊர். கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் உள்ளது. இங்கே பலருக்கும் மீன்பிடிப்புதான் தொழில். காற்றும் அலையும் கடுமையாக இருந்தால் கடலுக்குப் போக முடியாது. அந்த நாட்களில் வீட்டுத் தோட்டம் கைகொடுக்கும். ஒரு முருங்கை, ஒரு கொய்யா, நாலு வெண்டைச் செடி, ஒரு பாகல் பந்தல் போதும். கறிக்குக் கவலை இல்லை.

ஒரு மீனவர் வீட்டில் கொய்யா நிறையக் காய்த்தது. ஆனால் பழுக்கும் முன்பே அணில் கடித்துப் போட்டது. விதைத்த நிலக்கடலையையும் தோண்டித் தின்றது. வீட்டு அம்மா வருந்தினார். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு வழி சொன்னார்.

"தேங்காய்த் துண்டில் எலி மருந்தைத் தடவி வை, மகளே. இரண்டே நாளில் தொல்லை தீரும்."

"வேண்டாம் பாட்டி. முற்றத்தில் பிள்ளை தவழ்கிறது. எடுத்து வாயில் வைத்தால் என்ன செய்வேன்?"

அந்த அம்மா சொன்னது சரிதானே?

விஷம் ஏன் கூடாது?

விஷத்துக்கு ஆள் தெரியாது. அணிலுக்கு வைத்ததைக் கோழி தின்னும். ஆடு தின்னும். குழந்தையும் தின்னலாம். விஷம் தின்ற எலியை ஆந்தை தின்றால் ஆந்தையும் சாகும். ஆந்தை எலியைப் பிடித்து நமக்கு உதவும் பறவை. அது செத்தால் எலி பெருகும்.

வெடியும் மின்கம்பியும் இதைவிட ஆபத்தானவை. 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் ஒரு சினை யானை வெடி வைத்த உணவைக் கடித்தது. வாய் சிதைந்து, ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே இறந்தது. 2025 ஜூன் மாதம் மலப்புறம் மாவட்டம் வழிக்கடவில் காட்டுப்பன்றிக்கு வைத்த மின்கம்பியில் பள்ளி மாணவர் ஒருவர் சிக்கினார். அவர் உயிர் போனது.

சட்டம் என்ன சொல்கிறது?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. பாதுகாக்கப்பட்ட விலங்குகளையும் பறவைகளையும் கொல்வது குற்றம். பிடிப்பதும் குற்றம். மயில் நம் தேசியப் பறவை. பயிரைக் கொத்தினாலும் அதைக் கொல்லக் கூடாது.

மலையோர ஊர்களில் காட்டுப்பன்றி மரச்சீனியைத் தோண்டித் தின்கிறது. விவசாயிகளுக்குப் பெரும் நஷ்டம். அதனால் 2022-இல் கேரள அரசு ஓர் ஆணை இட்டது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட அனுமதி தரும் அதிகாரத்தை ஊராட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. அப்போதும் விஷம், வெடி, மின்சாரம் மூன்றையும் அனுமதிக்கவில்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்?

1. காயை மூடுங்கள். கொய்யா, மாதுளைக் காய்களைப் பழைய துணிப்பையால் மூடிக் கட்டலாம். பலாக்காயைத் தென்னை ஓலையால் பொதியலாம். பாகல், புடல் பிஞ்சுகளுக்குக் காகிதக் கூடு போடலாம். காயைத் துளைக்கும் ஈயும் வராது.

2. விதையைக் காப்பாற்றுங்கள். விதைத்த இடத்தில் முள் கிளையைப் பரப்புங்கள். அல்லது பழைய கூடையைக் கவிழ்த்து வையுங்கள். முளை நன்றாக எழுந்த பின் எடுத்துவிடலாம்.

3. தென்னைக்குத் தகரம் கட்டுங்கள். தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் 40 சென்டிமீட்டர் அகலத் தகரத்தை மரத்தைச் சுற்றி அடிக்க வேண்டும். தகரத்தில் நகம் வழுக்கும். எலியும் அணிலும் ஏற முடியாது. ஆனால் பக்கத்து மரம் தொட்டுக்கொண்டு இருக்கக் கூடாது. தொட்டால் அதன் வழியாகத் தாவி வந்துவிடும்.

4. மிளகாய்த் தண்ணீர் தெளிக்கலாம். அரைத்த மிளகாயைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். அணிலுக்குக் காரம் பிடிக்காது. மழை பெய்தால் மறுபடி தெளிக்க வேண்டும். பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைப்பதில்லை. ஆகவே கிளி வந்தால் இது பயன்படாது. வலைதான் வேண்டும். தெளிக்கும்போது கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. எச்சிலைக் கொட்டாதீர்கள். செடிக்கு அருகே சோறும் மீன் கழிவும் கிடந்தால் எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும்.

வலை கட்டும்போது கவனம்

விழிஞ்ஞத்தில் பழைய மீன்வலைக்குப் பஞ்சம் இல்லை. பந்தலுக்கு மேலே கட்ட அது நல்லது. ஆனால் இறுக்கமாகக் கட்ட வேண்டும். தரையில் தொய்ந்து கிடந்தால் பாம்பு சிக்கிக்கொள்ளும். அணிலும் ஓணானும் கழுத்து இறுகிச் சாகும். தினமும் காலையில் வலையைப் பாருங்கள்.

பாம்பு சிக்கியிருந்தால் கை வைக்காதீர்கள். வனத்துறைக்குச் சொல்லுங்கள். பயிற்சி பெற்றவர்கள் வந்து எடுப்பார்கள். குரங்கோ வேறு விலங்கோ கடித்தால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ தடவாதீர்கள்.

பயிர் மிகவும் அழிந்தால் கிருஷி பவனில் எழுதிக் கொடுங்கள். அழிந்த செடியைப் படம் எடுத்து வையுங்கள். இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். மனுவை நீங்களே எழுதலாம்.

அந்த வீட்டு அம்மா என்ன செய்தார்? பழைய சேலையைக் கிழித்துச் சிறு பைகள் தைத்தார். கைக்கு எட்டிய காய்களுக்கெல்லாம் கட்டினார். உச்சிக் கிளைக் காய்களை அணிலுக்கு விட்டுவிட்டார். பிள்ளை முற்றத்தில் பயமின்றித் தவழ்கிறது. பாட்டிக்கும் ஒரு கூடை கொய்யா போனது.

யோசித்துப் பாருங்கள்

உங்கள் தோட்டத்துக்கு எந்த விலங்கு வருகிறது? எந்த நேரத்தில் வருகிறது? எதைத் தின்கிறது? எழுதி வையுங்கள். அதற்கு ஏற்ற வழியைத் தேர்ந்தெடுங்கள்.