பேர் வெச்ச ஆட்டைச் சாப்பிடுவீங்களா?

ஹாஸ்டல் மெஸ்ல ஞாயித்துக்கிழமை மட்டன்னா தட்டோட முதல் ஆளா நிக்கிற பார்ட்டியா நீங்க? நானும் அப்படித்தான். ஆனா, அந்த ஆட்டுக்குப் பேர் வெச்சதே நீங்களா இருந்தா..?

எங்க ஊர் திருமங்கலம். பக்கத்துல வடக்கம்பட்டி முனியாண்டி கோயில். தை மாசத் திருவிழாவுக்கு எங்கெங்கோ 'முனியாண்டி விலாஸ்' நடத்துறவங்க எல்லாம் வந்து குவிஞ்சிடுவாங்க. நேர்ந்துவிட்ட கிடாய்கள் விடியறதுக்குள்ள பிரியாணியாகி, ஊருக்கே பிரசாதம்!

எங்க வீட்லயும் குலசாமிக்கு ஒரு கிடாய் வளர்ந்துச்சு. ஸ்கூல் விட்டு வந்ததும் அகத்திக்கீரை ஒடிச்சுப் போடுறது என் வேலை. "நேர்ந்துவிட்டதுக்குப் பேர் கீர் வெக்காதடா"ன்னு அப்பத்தா சொல்லும். நான் ரகசியமா வெச்சிருந்தேன். கோயில் பொங்கல் அன்னிக்கு ஓட்டிட்டுப் போயிட்டாங்க. என்கிட்ட யாரு கேட்டா?

ஜப்பான்ல ஒரு வாத்தியார் கேட்டிருக்கார். 1990-ல், ஒசாகா மாகாணத்து ஆரம்பப் பள்ளி ஒண்ணுல புதுசா வேலைக்குச் சேர்ந்தவர், குரோடா யசுஃபூமி. நாலாம் வகுப்புப் பசங்ககிட்ட ஒரு பன்றிக்குட்டியைக் காட்டி, 'வளர்ப்போம், அப்புறம் சாப்பிடுவோம்'னார். பசங்க என்ன பண்ணாங்க தெரியுமா? 'பி-சான்'னு பேர் வெச்சுட்டாங்க. நம்மூர்ல 'குட்டி'ன்னு சேர்த்துக் கொஞ்சுற மாதிரி அந்த 'சான்'. வாத்தியார் பிளான் அங்கயே அவுட்!

கொட்டில் கட்டி, மிச்சச் சாப்பாடு போட்டு, கழிவு அள்ளி... கிட்டத்தட்ட 900 நாள். 1993-ல் ஆறாம் வகுப்பு முடியப் போகுது. பி-சானை என்ன பண்றது? கீழ் வகுப்புப் பசங்க 'நாங்க பார்த்துக்குறோம்'னு வந்தாங்க. குடுத்துடலாம்னு பாதிப் பேர். பொறுப்பை ஜூனியர் தலையில கட்டுறது நியாயமா, இறைச்சிக்கூடத்துக்கே அனுப்பலாம்னு மீதிப் பேர். ஓட்டு கிட்டத்தட்ட சரிபாதியாப் பிரிஞ்சுடுச்சு! கடைசியில வாத்தியாரே முடிவெடுத்தார். இறைச்சிக்கூடம்.

2008-ல் இது சினிமாவாச்சு. விவாதக் காட்சிகளுக்குப் பசங்க கையில வசனமே குடுக்கலையாம். நிஜமாவே சண்டை போட்டிருக்காங்க.

அடுத்த வருஷமே இங்கிலாந்துல இன்னொரு கேஸ். கென்ட் பகுதியில லிட் ஆரம்பப் பள்ளி, மார்கஸ்ங்கிற ஆறு மாசச் செம்மறிக்குட்டி. மாணவர் கவுன்சில்ல ஓட்டெடுப்பு: வெட்டலாம்னு 13, வேணாம்னு 1. கறி வித்த காசுல பன்றிக்குட்டி வாங்குறதா ஐடியா. விஷயம் வெளிய வந்ததும் குய்யோ முறையோன்னு கத்தினது யாருங்கிறீங்க? பெரியவங்க! தலைமையாசிரியைக்கு அப்படி ஒரு வசவு. ஆனாலும் 2009 செப்டம்பர்ல மார்கஸ் கதை முடிஞ்சுது.

என்னைக் கேட்டா, அந்தப் பசங்களை நம்பிக் கேட்டதே பெரிய விஷயம். ஆனா ஒசாகா வாத்தியார் மேல எனக்கு ஒரு கோபம் உண்டு. முடிவு கடைசியில உங்க கையிலதான்னா, அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்?

சரி, உங்க வாயில இருக்கிற கேள்வி புரியுது. அன்னிக்கு நான் சாப்பிட்டேனா?

சாப்பிட்டேன் பாஸ். ஈரலை எனக்குன்னே தனியா எடுத்து வெச்சிருந்துச்சு அப்பத்தா. வெச்ச பேரை மட்டும் இன்னிக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல.