48 மணி நேர டியூட்டி: சியாட்டில் சர்ஜன்களின் கதை

அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள நகரம் சியாட்டில். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரி. சர்ஜரி பயிற்சிக்கு வந்த ஐந்து இளம் டாக்டர்கள் முதல் நாள் காலை வரிசையாக நிற்கிறார்கள். மேற்பார்வை பார்க்கும் லேடி டாக்டர் மிராண்டா பெய்லி குள்ளமான உருவம். குரலோ இடி முழக்கம். முதல் ஷிப்ட் இப்போதே ஆரம்பம், 48 மணி நேரம் ஓடும் என்று அவர் உத்தரவு போடுகிறார்.

"கிரேஸ் அனாட்டமி" என்ற டெலிவிஷன் தொடர் இப்படித்தான் தொடங்குகிறது. ஆஸ்பத்திரி கற்பனை. படம் பிடித்தது பெரும்பாலும் லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டூடியோவில். ஷோண்டா ரைம்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி உருவாக்கிய இத்தொடரை ஏ.பி.சி. நிறுவனம் 2005 மார்ச் 27-ந் தேதி ஒளிபரப்பத் தொடங்கியது. 20 சீசன்களைக் கடந்து விட்டது. நம் நாட்டில் ஸ்டார் வேர்ல்டு சேனலில் வந்தது.

1858-ல் லண்டனில் ஹென்றி கிரே வெளியிட்ட உடற்கூறு நூல் மருத்துவ மாணவர்களுக்கு வேதம் மாதிரி. கதாநாயகியின் பெயரும் மெரிடித் கிரே. இங்கிலீஷில் ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். தமிழில் எழுதினால் அதுவும் தெரியாது!

மெரிடித்தின் தாய் பெரிய சர்ஜன். இப்போது அல்சைமர் நோயால் பெற்ற மகளையே அடையாளம் தெரியாத நிலை. மகள் அதை வெளியே சொல்லாமல் கத்தி பிடிக்கக் கற்றுக்கொள்கிறாள். அவள் காதலிக்கும் மூளை சர்ஜன் டெரிக் ஷெப்பர்டு அவளுக்கு மேலதிகாரி. அவருக்கு ஏற்கெனவே மனைவி உண்டு என்பது பிறகுதான் தெரிகிறது. நம் சினிமாக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

ஆனால் இசி ஸ்டீவன்ஸ் கதை அப்படிப்பட்டதல்ல. மாற்று இருதயத்துக்குக் காத்திருக்கும் நோயாளியை இவள் காதலிக்கிறாள். அவன் நிலைமை மோசமானால் பட்டியலில் முன்னே வருவான் என்று, இருதயத்துக்கு உதவும் கருவியின் ஒயரையே வெட்டி விடுகிறாள். இருதயம் கிடைக்கிறது. ஆபரேஷனும் வெற்றி. சில மணி நேரத்தில் அவன் இறந்து போகிறான். 2006-ல் வந்த இந்தக் காட்சியை இன்றும் பேசுகிறார்கள். நிஜ ஆஸ்பத்திரியில் அப்படிச் செய்தவளை மறுபடி ஆபரேஷன் தியேட்டர் பக்கமே விட மாட்டார்கள். கதையில் அவள் வேலைக்குத் திரும்புகிறாள்.

தூக்கத்துக்கும் சட்டம்

அந்த 48 மணி நேர உத்தரவுக்கு வருவோம். ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். 1984-ல் நியூயார்க் ஆஸ்பத்திரி ஒன்றில் காய்ச்சலோடு சேர்ந்த 18 வயதுப் பெண் சில மணி நேரத்தில் இறந்தாள். ஓய்வில்லாமல் உழைத்த பயிற்சி டாக்டர்களே பார்த்துக் கொண்டார்கள் என்று பத்திரிகையாளரான தந்தை போராடினார். 1989-ல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. 2003-ல் அது நாடு முழுவதும் வந்தது. தொடர்ந்து 24 மணி நேரம், நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைக்க மேலும் 6 மணி நேரம். அதற்கு மேல் கூடாது என்பது அப்போதைய விதி. ஆக, 2005-ல் பெய்லி போட்ட உத்தரவு அப்போதே விதிக்குப் புறம்பானது.

நர்ஸ்கள் விஷயத்திலும் தொடர் ஓரவஞ்சனை செய்கிறது. ஊசி போடுவதும், இரவில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கொள்வதும் டாக்டர்களே. நிஜ வார்டில் அது யார் வேலை என்று நோயாளிகளுக்குத் தெரியும்.

ஆபரேஷனுக்குப் பின்

அமெரிக்க டாக்டர்கள் சிலர் 2018-ல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். தொடரில் விபத்தில் அடிபட்டு வந்த 290 பேரை நிஜ நோயாளிகள் 4,812 பேருடன் ஒப்பிட்டார்கள். தொடரில் 100-க்கு 22 பேர் சாகிறார்கள்; நிஜத்தில் 7 பேர். பிழைத்தவர்கள் கதை நேர்மாறு. பலத்த காயத்தோடு பிழைத்தவர்களில் பாதிப் பேர் தொடரில் ஒரு வாரத்துக்குள் வீடு திரும்புகிறார்கள். நிஜத்தில் 100-க்கு 20 பேர்தான். நீண்ட காலப் பராமரிப்பு இல்லத்துக்குப் போவது தொடரில் 6 பேர். நிஜத்தில் 22 பேர்.

இதில்தான் ஆபத்து இருக்கிறது. அண்ணனோ தம்பியோ அடிபட்டுக் கிடக்கும்போது ஆபரேஷன் முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று நம்பி, நான்கு நாள் லீவு எழுதிக் கொடுத்து விட்டு வருகிறவர்கள் எத்தனை பேர்! கட்டுப் பிரிப்பது, நடை பழகுவது, மருந்துச் செலவு, சம்பளம் இல்லாத மாதங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான் ஆரம்பம். கேமரா அதற்குள் அடுத்த ஆம்புலன்ஸைப் பார்க்க ஓடி விடுகிறது.

ஒரு முறை மட்டும் ஓடாமல் நின்றது. 2020 மார்ச்சில் கொரோனாவால் படப்பிடிப்பு நின்றபோது, நடிப்புக்காக வாங்கி வைத்திருந்த கவுன்களையும் கையுறைகளையும் தயாரிப்பாளர்கள் நிஜ ஆஸ்பத்திரிகளுக்கே கொடுத்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் தொடர் திரும்ப வந்தது. இம்முறை கொரோனா வந்து விழுந்தவள் மெரிடித் கிரே. சீசனின் பெரும் பகுதியை அவள் படுக்கையிலேயே கழித்தாள்.